கடும் வானிலை எதிர்வுகூறுநராவது எப்படி: வன்னிப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு கார்த்திகையிலும் எனக்குச் சில பிள்ளைகளின் அழைப்பு வரும். மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. "அண்ணா, நானும் மழை, புயல் சொல்லப் படிக்கவேணும். எந்தச் செயலியில பார்க்கிறது?"

செயலியில் தொடங்கியவர்களில் அநேகர் இரண்டாவது மழைக்காலத்துக்குள் விட்டுவிட்டார்கள். கொப்பியில் தொடங்கியவர்கள்தான் நின்றார்கள். இந்தத் தொழிலில் படிகளின் ஒழுங்கு மிக முக்கியம். முதலில் உங்கள் வளவு, பிறகு கணிதம், பிறகு வரைபடம், அதன்பிறகுதான் கணினி. இதை மாற்றிப் போட்டவர்கள் எங்கெங்கே இடறினார்கள் என்று அருகிருந்து பார்த்ததால் அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளை முதற்படியிலிருந்து தொடங்கலாம். பட்டம் முடித்தவரும் முதற்படியைத் தாண்டிப் போகக்கூடாது.

## 1. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

உலகெங்கும் வானிலைத் தரவுகள் உலகப் பொது நேரத்தில்தான் வருகின்றன. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. வரைபடத்தில் 00 என்று இருந்தால் நமக்குக் காலை 5.30, 03 என்றால் காலை 8.30, 12 என்றால் மாலை 5.30, 18 என்றால் இரவு 11.30. இந்த நான்கையும் கொப்பியின் முன்னட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

தொடக்க நாளில் நான் ஒரு வரைபடத்தில் 12 என்றிருந்ததை நண்பகல் என்று வாசித்தேன். ஊரில் ஓர் ஐயா, "தம்பி, பின்னேரம் மருந்தடிக்கலாமோ?" என்று கேட்டார். மழை மத்தியானத்தோடு விட்டுவிடும், அடியுங்கள் என்றேன். மாலை ஐந்தரைக்குக் கொட்டிய மழை அத்தனை மருந்தையும் கழுவிக்கொண்டு போனது. அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதற்குப் பிறகு நேரத்தை இரண்டுமுறை பார்க்காமல் நான் எவருக்கும் எதுவும் சொன்னதில்லை.

## 2. வளவில் ஒரு மழைமானி, கையில் ஒரு கொப்பி

விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. ஒரு புனல், அது இறுக்கமாகப் பொருந்தும் ஒரு போத்தல், மில்லிலீற்றர் கோடு போட்ட மருந்துக் குவளை போதும். சேர்ந்த நீரின் மில்லிலீற்றரைப் பத்தால் பெருக்கி, புனல் வாயின் சதுர சென்ரிமீற்றர் பரப்பால் வகுத்தால் மழை மில்லிமீற்றரில் வரும். வாயின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 78.5. அதாவது 78.5 மில்லிலீற்றர் நீர் சேர்ந்தால் 10 மில்லிமீற்றர் மழை.

இங்கே பலர் விழும் குழி ஒன்றுண்டு. அதே புனலுக்கு ஒரு லீற்றர் போத்தல் வைத்தால் அது 127 மில்லிமீற்றரில் நிரம்பி வழிந்துவிடும். வன்னியில் ஒரே நாளில் அதைவிடக் கூடுதலாகப் பெய்யும். நீங்கள் கற்கப் போவதே அந்த நாளைப் பற்றித்தான். அந்த ஒரு நாளின் அளவு கைவிட்டுப் போனால் ஆண்டு முழுவதும் அளந்ததில் பாதிப் பயன் போய்விடும். ஆகவே ஐந்து லீற்றர் கலன் வையுங்கள். இல்லாவிட்டால் கடும் மழை நாளில் மூன்று மணிக்கொருமுறை அளந்து ஊற்றிக் கூட்டுங்கள்.

மானியை முருங்கைக்குக் கீழோ கூரை ஓரத்திலோ வைக்கக்கூடாது. ஒரு மரம் எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். சாய்ந்து வரும் மழையை மரம் மறைத்துவிடும்.

அளவெடுக்கும் நேரம் காலை 8.30. இலங்கை முழுவதும் நாளாந்த மழை அந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கப்படுகிறது. ஒருநாள் ஏழு மணி, இன்னொருநாள் பத்து மணி என்று எடுத்தால் உங்கள் எண்ணை வவுனியா, மன்னார், முல்லைத்தீவு நிலைய எண்களோடு ஒப்பிட முடியாது.

கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு பத்திகள்: மழை, காற்றின் திசை, முகில், நாளைக்கு என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பது. நான்காவது பத்தியை இரவு படுக்குமுன் பேனாவால் எழுதிவிட வேண்டும். மழை பெய்தபிறகு "நான் நினைச்சனான்" என்று சொல்வது எவருக்கும் எளிது. முன்கூட்டி எழுதாத எதிர்வுகூறலிலிருந்து எதையும் கற்க முடியாது. காற்றுக்கு ஊர்ப்பெயர்களையும் எழுதுங்கள். வாடை எந்த நாளில் தொடங்கியது, கச்சான் எப்போது ஓய்ந்தது என்று மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் எந்தப் பாடப்புத்தகமும் தராத அறிவு அதில் சேர்ந்திருக்கும்.

## 3. அமுக்கமும் காற்றும்

பல கைத்தொலைபேசிகளில் அமுக்க உணரி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவுடன் பிள்ளைகள் செய்யும் பிழை எல்லோருக்கும் ஒன்றுதான். காலை பத்து மணிக்குப் பார்க்கிறார்கள், பின்னேரம் நான்கு மணிக்குப் பார்க்கிறார்கள், இரண்டு மூன்று ஹெக்டோபஸ்கால் (அமுக்கத்தின் அலகு) குறைந்திருக்கிறது, "அமுக்கம் இறங்குது, புயல் வருது" என்று வட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள்.

நமது அகலக்கோட்டில் அமுக்கம் நாளுக்கு இரண்டுமுறை ஏறி இரண்டுமுறை இறங்கும். காலை பத்து, இரவு பத்து மணியளவில் உச்சம். அதிகாலை நான்கு, பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்வு. வானம் தெளிந்த நாளிலும் இது நடக்கும். ஆகவே இன்றைய நான்கு மணியை நேற்றைய நான்கு மணியோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்த 24 மணி வித்தியாசம் தொடர்ந்து குறைந்துகொண்டு போனால்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பிழை உயரம். கடல் மட்டத்தருகே ஏறத்தாழ 8 மீற்றர் ஏறினால் 1 ஹெக்டோபஸ்கால் குறையும். வவுனியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே கருவி காட்டும் எண் முல்லைத்தீவுக் கரையைவிட எப்போதும் 11, 12 குறைவாகவே இருக்கும். அதைக் கடல் மட்டத்துக்குத் திருத்தாமல் வரைபடத்தில் போட்டால் வவுனியாவின்மேல் இல்லாத ஒரு தாழமுக்கம் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம் காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நமது அரைக்கோளத்தில் தாழமுக்க மையம் உங்கள் இடப்பக்கமாக இருக்கும். சூறாவளி கிழக்கே கடலில் நிற்கும்போது முல்லைத்தீவில் வடக்கிலிருந்து காற்று வரும். அந்தக் காற்று வடகிழக்குக்கும் பிறகு கிழக்குக்கும் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. வடமேற்குக்கும் மேற்குக்கும் திரும்பினால் வடக்கே கடக்கிறது. தெற்கே கடப்பது நமக்குக் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு ஏறும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை தொட்டபோது இப்படித்தான். இணையம் அறுந்து, மின்சாரம் போன இரவிலும் இந்த ஒரு விதி உங்களிடம் இருக்கும்.

## 4. பாடத்தெரிவும் பட்டமும்

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். வளிமண்டலம் என்பது ஓடும் பாய்மம், வெப்பம், நீராவி ஆகியவற்றின் கணக்கு. வகையீட்டுச் சமன்பாட்டைக் கண்டு ஒதுங்கியவர் இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடுவார். "கணிதம் கஷ்டம், ஆனா வானிலை விருப்பம்" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த விருப்பத்துக்காக ஒரு வருடம் கணிதத்தோடு மல்லுக்கட்டத் தயாரா?

பட்டத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலோ கணிதமோ சிறப்புக் கற்கையாகச் செய்யலாம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பிரயோக விஞ்ஞான பீடமும் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கே படித்தாலும் பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், புள்ளிவிபரவியல், பைத்தன் நிரலாக்கம் ஆகிய நான்கையும் விடாதீர்கள். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வானிலை மாதிரியின் (வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிட்டு வரப்போவதைச் சொல்லும் நிரல்) தரவுக் கோப்பைத் தானே திறந்து படம் வரையத் தெரியாதவர் மற்றவர் வரைந்த படத்துக்கே காத்திருக்க வேண்டிவரும்.

புவியியல் படித்தால் ஆகாதா என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா வடக்கு மக்களுக்குத் தமிழில் எதிர்வுகூறல் எழுதிவருவதைப் பார்க்கிறீர்கள். நிலத்தையும் மக்களையும் அறிந்து பேசுவதற்குப் புவியியல் நல்ல வழி. ஆனால் அரச வளிமண்டலவியல் திணைக்களத்தின் வளிமண்டலவியலாளர் பதவிதான் இலக்கென்றால் பௌதிகமும் கணிதமுமே பாதுகாப்பான தெரிவு.

பட்டம் மட்டும் ஒருவரை எதிர்வுகூறுநர் ஆக்காது. உலக வானிலை அமைப்பு தனது 1083ஆம் இலக்க வெளியீட்டில் ஒரு வளிமண்டலவியலாளர் கற்றிருக்க வேண்டியவற்றை வரையறுத்திருக்கிறது. அதை இறக்கி, உங்கள் பட்டம் தராதவற்றுக்கு நேரே கோடு போடுங்கள். அந்த இடைவெளியை நிரப்ப மெட்எட் (MetEd) என்ற இணையத்தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. முதுகலைக்கு இந்தியாவின் கொச்சின் பல்கலைக்கழகத்தில் வளிமண்டலவியல் இருக்கிறது. நமது பருவமழையையும் வங்காள விரிகுடாவையும் ஒட்டிய பாடமாகையால் குளிர்நாட்டுப் பட்டத்தைவிட இது நமக்கு நெருக்கம்.

## 5. சிங்களமும் ஆங்கிலமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரச பதவியில் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி கேட்கப்படும். அதற்கு மேலாக, நள்ளிரவில் கொழும்பிலிருந்து வரும் ஓர் அழைப்பில் "எங்கே, எவ்வளவு, எப்போது" என்பதைச் சிங்களத்தில் தயங்காமல் சொல்ல முடியவேண்டும். பரீட்சைக்குப் படித்த மொழி அந்த நேரத்துக்குக் காணாது. பல்கலைக்கழக விடுதியிலேயே பேசிப் பழகுங்கள். ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் வேண்டும், ஏனென்றால் தொழில் ஆவணங்கள் எல்லாம் அதில்தான்.

## 6. செய்மதியும் ராடாரும்

மாதிரிக்குமுன் இவற்றைப் படியுங்கள். மாதிரி இனி நடக்கலாம் என்கிறது. செய்மதி இப்போது நடப்பதைக் காட்டுகிறது. இப்போதையதை வாசிக்கத் தெரியாதவருக்கு மாதிரி பிழையாக இருப்பது கண்ணில் படாது.

செய்மதிப் படத்தில் தொடக்கக்காரர் சூறாவளியின் மையத்தை மிகவும் வெள்ளையான முகில் திரளின் நடுவில் குறிப்பார்கள். வலுக்குறைந்த சூறாவளியில் அது பெரும்பாலும் பிழை. நமது மழைக்காலத்தில் மேல்வளியில் வீசும் கிழக்குக் காற்று உயர்ந்த முகில்களை மேற்குப் பக்கமாகத் தள்ளிவிடும். மையம் கிழக்கே வெறுமையாக நிற்க, மழை முன்னரே கரைக்கு வந்துவிடும். "மையம் இன்னும் 300 கிலோமீற்றர் தள்ளி இருக்கு" என்று ஆறுதல் சொன்ன இரவில் வீடுகளுக்குள் வெள்ளம் வரலாம். பகலில் கட்புலப் படத்தில் தாழ்முகில் சுழலும் இடத்தைத் தேடுங்கள். இரவில், மேல்முகிலை ஊடுருவிக் காட்டும் நுண்ணலைப் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

முகில் அமைப்பிலிருந்து வலுவைக் கணிக்கும் டிவொராக் முறையையும் இந்தக் கட்டத்தில் பழக வேண்டும். வங்காள விரிகுடாச் சூறாவளிகளைக் கண்காணித்துப் பெயர் வைக்கும் புதுடில்லி மையத்தின் அளவில் 1.5 என்றால் தாழமுக்கம், 2 என்றால் ஆழ்ந்த தாழமுக்கம், 2.5 என்றால் பெயர் வைக்கப்படும் சூறாவளி. பழைய சூறாவளிகளின் படங்களை எடுத்து, விடையைப் பாராமல் எண் போட்டுப் பிறகு சரிபாருங்கள். ஐம்பது படம் போட்டபின் கை பழகும்.

ராடாருக்கு வன்னியில் பலர் பார்ப்பது இந்தியக் கரையிலுள்ள காரைக்கால் டொப்ளர் ராடாரை. அதில் கிளிநொச்சியில் ஒன்றும் இல்லை என்று காட்டினால் மழை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பூமி வளைந்திருப்பதால் ராடார்க் கதிர் தூரம் போகப்போக உயர்ந்துகொண்டே போகும். அரைப் பாகை சாய்வில் விட்ட கதிர் 200 கிலோமீற்றரில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே உருவாகிப் பெய்யும் மழையை அது காணாது. முல்லைத்தீவு காரைக்காலிலிருந்து அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

## 7. மாதிரிகள்

இப்போது செயலியைத் திறக்கலாம். விண்டி (Windy) செயலியில் சுழலும் வண்ணப் படத்துக்குப் பின்னால் இருப்பது ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி, அமெரிக்க ஜீ.எஃப்.எஸ்., ஜெர்மனியின் ஐக்கன் ஆகியவைதான். முதலாவது சுமார் 9 கிலோமீற்றர், இரண்டாவது சுமார் 13 கிலோமீற்றர் கட்டங்களில் கணிக்கிறது. ஆகவே உங்கள் ஊருக்கு நேரே தெரியும் எண்ணை உங்கள் ஊரின் மழையாக வாசிக்காதீர்கள். கடும் மழையைக் காட்டும் அந்த நிறத்திட்டு ஒரு மாவட்டம் தள்ளியும் விழக்கூடும்.

ஒழுங்கு இதுதான். முதலில் மாதிரியின் தொடக்க நிலையை உண்மையான அவதானிப்போடு ஒப்பிடுங்கள். காலை 5.30க்கு மாதிரி தாழமுக்கத்தை எங்கே வைத்திருக்கிறது, செய்மதியில் அது எங்கே நிற்கிறது? தொடக்கமே விலகியிருந்தால் மூன்றாம் நாள் எண்ணை நம்பிப் பயனில்லை. அடுத்து, மாதிரி நேற்றுக் கணித்ததையும் இன்று கணித்ததையும் பக்கம் பக்கமாக வையுங்கள். பாதை வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தால் இன்னும் முடிவாகவில்லை. கடைசியில் குழுக் கணிப்பு. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 50 கணிப்புகளையும், மாற்றாத ஒன்றையும் ஓட்டுகிறது. 51 பாதைகளும் நெருங்கி வந்தால் உறுதியாக எழுதலாம். விரிந்து கிடந்தால் அந்த விரிவையே மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த 51இல் மிகவும் பயங்கரமான ஒன்றைப் பிடுங்கிப் பகிர்பவர்களை ஒவ்வோராண்டும் காண்கிறேன். அதைப் பார்த்து நெல்லை அவசரமாக அறுத்தவரும், வள்ளத்தை இழுத்து ஏற்றிவிட்டு ஒரு கிழமை தொழில் இழந்தவரும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

## 8. மழையைக் குளமாக மாற்றுங்கள்

வன்னியில் எதிர்வுகூறல் இங்கேதான் உயிர்பெறுகிறது. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். 100 சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு கோடி கன மீற்றர், நமது நீர்ப்பாசனப் பொறியியலாளர் பேசும் கணக்கில் ஏறத்தாழ 8,100 ஏக்கர் அடி. அது முழுவதும் குளத்துக்கு வராது. ஐப்பசி முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். மார்கழியில் மண் ஊறி நிற்கும்போது அதே மழை பெரும்பாலும் ஓடிவந்துவிடும். ஆகவே "100 மில்லிமீற்றர்" என்ற ஒரே எண்ணுக்கு ஐப்பசியில் ஒரு பொருள், மார்கழியில் வேறு பொருள்.

எங்கே பெய்கிறது என்பதும் அப்படியே. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி இரணைமடுவுக்கு வருகிறது. கிளிநொச்சி நகரில் தூறல் மட்டும் இருக்க, கனகராயன்குளத்தில் இரவு முழுவதும் கொட்டினால் குளம் ஏறும், கதவு திறக்கும், முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் வரும். மன்னாருக்கு வரும் அருவி ஆறு அனுராதபுரத்து மழையையும் சுமந்து வருகிறது, மன்னாரில் வெயில் அடிக்கும் நாளிலும் அது பெருகலாம். ஒவ்வொரு பெருங்குளத்துக்கும் அதன் நீரேந்து பரப்பை வரைபடத்தில் பென்சிலால் சுற்றி வரைந்து சுவரில் மாட்டுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று நான்கில் தொடங்கலாம்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது நம்மேல் பெயர் வைத்த சூறாவளி எதுவும் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, காற்றின் வேகத்தில் சூறாவளி என்ற முதற்படியைத் தாண்டவில்லை, ஆனால் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. படிநிலைப் பெயர் காற்றை மட்டுமே அளக்கிறது. புதுடில்லி அளவில் மணிக்கு 62 கிலோமீற்றரளவில் பெயர் கிடைக்கிறது, மழைக்கு அதில் இடமே இல்லை. "இது சின்னச் சூறாவளிதான்" என்ற வசனத்தை உங்கள் வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

## 9. எழுதும் முறையும் சொல்லும் உரிமையும்

ஓர் எச்சரிக்கையில் முதலில் எங்கே, அடுத்து எப்போது, பிறகு எவ்வளவு, அதன்பின் என்ன செய்ய வேண்டும். காரணம் கடைசியில். தொடக்கக்காரர் இதைத் தலைகீழாக எழுதுவார்கள். வங்காள விரிகுடாவில் தொடங்கி மூன்று பந்தி கடந்தபிறகுதான் நாயாறு என்ற ஊர்ப்பெயர் வரும். மழையில் நனைந்த தொலைபேசியில் முதல் இரண்டு வரிதான் வாசிக்கப்படும்.

"சில இடங்களில்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் அது பக்கத்து ஊர் என்று எடுத்துக்கொள்வார். இயன்றவரை பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லுங்கள். "நாளை இரவு" என்பதற்குப் பதிலாக "வியாழன் இரவு எட்டு மணிக்குப் பிறகு" என்று எழுதுங்கள், ஏனென்றால் செய்தி மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும்.

உத்தியோகபூர்வ எச்சரிக்கை வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்துதான் வரவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டச் செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் கொண்டுபோகிறது. அவசர இலக்கம் 117. படிக்கும் காலத்தில் உங்கள் எதிர்வுகூறலைக் கொப்பியில் எழுதுங்கள், ஆசிரியரோடு பேசுங்கள், பகிர்வதென்றால் திணைக்கள அறிவிப்பைப் பகிருங்கள். ஒரே இரவில் இரண்டு வேறுபட்ட செய்தி போனால் மக்கள் தமக்கு விருப்பமானதை நம்புவார்கள், அது எப்போதும் லேசான செய்தியாகவே இருக்கும்.

## 10. வேலை தேடும்போது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். அடிக்கடி வராது. ஆகவே வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள், தகைமைப் பந்தியை வரி வரியாக வாசியுங்கள். சென்றமுறை இருந்த நிபந்தனையை நம்பி விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. காத்திருக்கும் காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவம், பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் போன்ற பணிகளும் இதே அறிவைத்தான் கேட்கின்றன.

நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். மூன்று ஆண்டு மழை அளவும், முன்கூட்டி எழுதிய ஆயிரம் வரியும் எந்தச் சான்றிதழையும்விடத் தெளிவாகப் பேசும்.

இந்த வேலைக்கு இரவும் பெருநாளும் கிடையாது. தைப்பொங்கலுக்கு முதல்நாள் தாழமுக்கம் வந்தால் நீங்கள் மேசையில் இருப்பீர்கள். வீட்டாரோடு இதை முன்பே பேசிவிடுங்கள். சிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் மூன்று விடயம் கட்டாயம் சொல்ல வேண்டும்: என்ன அறிவித்தோம், எது நமக்கு ஐயமாக இருக்கிறது, எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் முடிவை மாற்ற வேண்டும். நடுவில் உள்ளதைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுத்தவருக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

## 11. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கணக்குப் பாருங்கள்

மாசியில் மழை ஓய்ந்ததும் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். கடும் மழை என்று சொன்னோம், வந்தது. சொன்னோம், வரவில்லை. சொல்லவில்லை, வந்தது. சொல்லவில்லை, வரவில்லை.

உதாரணமாகப் பத்துமுறை சொல்லி ஆறுமுறை வந்தது, சொல்லாமல் இரண்டுமுறை வந்தது என்று வையுங்கள். வந்த எட்டில் ஆறைப் பிடித்திருக்கிறீர்கள், அது 75 வீதம். சொன்ன பத்தில் நான்கு வீண், அது 40 வீதம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தினமும் "கடும் மழை" என்று எழுதினால் முதல் எண் நூறாகிவிடும், ஆனால் இரண்டாம் கார்த்திகையில் உங்கள் சொல்லுக்கு ஒருவரும் வள்ளம் ஏற்றமாட்டார்கள். நான்காம் கட்டத்தைச் சேர்த்து "90 வீதம் சரி" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். வன்னியில் பெரும்பாலான நாட்களில் கடும் மழை பெய்வதில்லை, ஒன்றும் சொல்லாதவருக்கும் அந்த 90 கிடைக்கும்.

சொல்லாமல் வந்த அந்த இரண்டு நாளையும் தனியே எடுங்கள். அன்றைய செய்மதிப் படம், அமுக்கம், மாதிரி எல்லாவற்றையும் மறுபடி திறந்து, எந்த மணியில் எதைப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம் என்று தேடி ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஊரில் யாரையாவது தெரிந்தால் தண்ணீர் எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது என்று கேட்டு அந்த நேரத்தையும் பக்கத்தின் மேலே குறித்துவிடுங்கள்.